பச்சை குத்துமுன் பேச வேண்டியவை

(வத்தல்மலையில் இளைஞர்களுக்காக நடந்த இரண்டு நாள் வாசிப்பு முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் வன உரிமைச் சட்டம் பற்றிப் பேசிய இதே இடத்தில் இப்போது டாட்டூ பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பேர் சிரித்ததைப் பார்த்தேன். பரவாயில்லை. மதியச் சாப்பாட்டு வரிசையில் "அக்கா, எவ்வளவு ஆகும், ரொம்ப வலிக்குமா" என்று என்னிடம் கேட்டவர்கள் ஏழு பேர். சிரித்த இரண்டு பேரும் அதில் உண்டு.

விலைக்கும் வலிக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். சேலத்தில் 11 வருடமாக டாட்டூ போடுகிறேன். முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள். என்ன குத்துவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வந்திருப்பார்கள். போனில் படம் இருக்கும். அதை யார் யார் படிப்பார்கள், படித்துவிட்டு உன்னை என்ன செய்வார்கள் என்ற கேள்வியோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நம் நாட்டில் மனிதர்களின் உடம்பைப் படிப்பது ஒரு பழைய தொழில். அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் ஆயாவும் இதே வேலைதான் செய்தார். அவர் வாயில் டாட்டூ என்ற சொல் நுழையாது. பச்சை குத்துவது என்பார். நாங்கள் குறவர். நரிக்குறவர் வேறு, நாங்கள் வேறு. பத்திரிகைக்காரர்களே குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். கூடை முடைவதோடு எங்கள் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்துவார்கள். மைக்கு ஆயாவிடம் ஒரு பக்குவம் இருந்தது. மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார். மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதில் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் மை. நான்கைந்து ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டியது கருவி. தோலுக்குள் போன கரி நம் கண்ணுக்கு நீலமும் பச்சையுமாகத் தெரியும். அதனால்தான் கறுப்பு மையில் குத்தியதற்குப் பச்சை என்று பெயர்.

அந்த வேலையின் உள்ளே இருந்த சாதியைக் கேளுங்கள். ஆயா ஒரு வீட்டுக்குப் போனால் திண்ணையில் ஏறக் கூடாது. தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றுவார்கள். கூலி கேழ்வரகோ கம்போ, ஒரு பழைய சேலையோ; அதையும் முறத்தில் வைத்துத் தள்ளி விடுவார்கள். ஆனால் பச்சை குத்துகிற நேரத்தில் அந்த வீட்டுப் பெண் வாசலில் இறங்கி உட்கார்ந்து ஆயாவின் மடியில் கையை நீட்டியாக வேண்டும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அந்தக் கை ஆயாவின் கையில் இருக்கும். ரத்தம் கசியும், ஆயா துடைப்பார். வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடுவார். வேலை முடிந்ததும் அந்தப் பெண் உள்ளே போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். ஆயா கரைத்த மை மட்டும் தோலுக்குள்ளேயே இருக்கும், அந்தப் பெண் சாகும்வரை. எரித்தால்தான் போகும்.

தீட்டு என்று சொல்கிறார்களே, அதில் எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். தொட்டால் கழுவிவிடுகிறார்கள். தோலுக்குள் போய் உட்கார்ந்ததை என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை, அழகு என்று சொல்லிக்கொண்டார்கள். தேவைப்படும்போது சாதி வழி விடும், வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும். பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கும் இதே கதைதான்.

எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் ஏழு தொகுதி போட்டார். ஆட்களை நிறுத்தி வைத்து மூக்கையும் மண்டையையும் கருவியால் அளந்தவர். அந்த அளவு எடுக்கும் வித்தையைப் போலீஸ்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். குறவர் பற்றிய அவருடைய பக்கங்களைப் படித்தால் திருட்டு, கன்னக்கோல் என்றே போகும். பச்சை குத்தும் கையைக் குற்றவாளியின் கை என்று அரசாங்கமே எழுதிவைத்த காலம் அது. 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் மக்கள் அதில் சிக்கினார்கள். கைரேகை கொடுக்க வேண்டும், ஊரை விட்டுப் போக வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஊர் ஊராகப் போய்த்தான் பிழைக்க முடியும் என்ற தொழில்காரியிடம், நகரக் கூடாது என்றார்கள். நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது 1952இல்தான்.

இன்னொன்றும் அந்த ஆட்சி செய்தது. 1797இல் வங்காளத்தில் ஒரு விதிமுறை கொண்டுவந்து, ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்தினார்கள். பெயர், குற்றம், எல்லாம் நெற்றியில். வடநாட்டில் பச்சை குத்துவதற்கு கோத்னா என்று பெயர். பெண்கள் ஆசையாகக் குத்திக்கொண்டதை எடுத்து அரசாங்கம் தண்டனையாக்கியது. 1849இல்தான் நிறுத்தினார்கள். தப்பித்துப் போனவர்கள் நெற்றியை மறைக்கத் தலைப்பாகையை இறக்கிக் கட்டினார்களாம். அடுத்த நூற்றாண்டில் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் கையில் எண் குத்தினார்கள். உடம்பில் எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

இந்த மலையின் மக்கள் மலையாளி என்று சொல்லப்படுகிற பழங்குடியினர். சான்றிதழ் வாங்க நீங்கள் அலைந்த கதையை நேற்று இரவு சொன்னீர்கள். தருமபுரியில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிற அதே மலையாளி, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிறந்தால் பட்டியலில் இல்லை. ஆள் ஒன்று, காகிதம் வேறு. உங்கள் ஆயாக்களின் கையில் பச்சை உண்டா, இல்லையா, ஏன் என்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதை அவர்கள் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும்.

அடுத்து, எழுதும் அதிகாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்களைப் பற்றி.

சத்தீஸ்கரில் ராம்நாமிகள் என்று ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். தீண்டத்தகாதவர்கள் என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள். 1890களில் பரசுராம் என்பவர் தொடங்கிவைத்த வழி அது. கோயிலுக்குள் விட மாட்டீர்களா, சரி, உங்கள் சாமி பெயரை எங்கள் முகத்திலும் கையிலும் உடம்பெங்கும் குத்திக்கொள்கிறோம், இப்போது தடுங்கள் பார்ப்போம் என்றார்கள். ராமன் பெயரையா என்று உங்களில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறீர்கள். எனக்கும் அந்த இடம் உறுத்துகிறது. பெரியார் பிள்ளைகள் நாம், வேறென்ன செய்யும்? ஆனாலும் பூசாரியின் சாவியை வெறும் ஊசியால் பயனற்றதாக்கிய துணிச்சலை என்னால் தள்ளிவிட முடியவில்லை. இன்று அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் உடம்பு முழுக்கக் குத்திக்கொள்வதில்லை. வேலை தேடி வெளியூர் போகிற இடத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் சாதியைப் படித்துவிடுகிறார்கள். எதிர்ப்பாக எழுதியதையே அடையாளமாக்கித் திருப்பி அடிக்கிறது ஊர்.

பீகாரில் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். மதுபனி ஓவியம் என்று காலண்டரில் பார்த்திருப்பீர்கள். பிராமண, காயஸ்தப் பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்த தெய்வங்கள்தான் முதலில் காகிதத்துக்கு வந்து காசானது. ஜித்வார்பூர் கிராமத்துத் துசாத் பெண்கள், தலித் பெண்கள், 1970களில் தங்கள் உடம்பில் இருந்த கோத்னா வடிவங்களையே காகிதத்தில் வரைந்தார்கள். சானோ தேவி அதில் முக்கியமானவர். வரிவரியாகப் புள்ளி, வட்டம், மரம், மிருகம், தங்கள் நாயகன் ராஜா சல்ஹேஸின் கதை. கோத்னா பாணி என்றே இன்று அதற்குப் பெயர். தோலில் இருந்ததைச் சுவருக்குக் கொண்டுபோய் மாட்டினார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகு உங்கள் போனில் இருக்கிற படத்துக்கு வருவோம்.

சாதிப் பெயர், சாதிக் கொடியின் நிறம், சாதித் தலைவரின் முகம் என்று கேட்டு என் கடைக்கும் வருகிறார்கள். நான் போடுவதில்லை. பக்கத்துக் கடையில் போடுவார்கள், எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றி நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த குழு. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வேண்டாம் என்றது. உடனே எவ்வளவு கூச்சல்! கயிற்றையாவது வாத்தியார் கத்தரியால் வெட்டிவிடலாம். 17 வயதில் கையில் குத்திய சாதியை எதனால் வெட்டுவது? அந்தப் பையனுக்கு 30 வயதில் புத்தி வரலாம், வேறு சாதிப் பெண்ணைப் பிடித்துப்போகலாம். கை மட்டும் பழைய பேச்சையே பேசிக்கொண்டிருக்கும். 18 வயது ஆகாதவர்களுக்கு நான் எதுவுமே குத்துவதில்லை, அது தனி.

கட்சிக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்தச் சொன்னபோது அவர் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 2016இல் ஜெயலலிதாவின் 68ஆவது பிறந்தநாளுக்குச் சென்னையில் கூட்டம் கூட்டமாக அவர் முகத்தைக் குத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். குத்திக்கொண்டவர்கள் இப்போது எந்த அணியில் இருக்கிறார்களோ!

காதலர் பெயருக்கு வருகிறேன். இதில் நான் சிரிக்கப் போவதில்லை. வெளியூரில் 'பிரேக்கப் ஆனால் என்ன செய்வாய்' என்று கிண்டல் செய்வார்கள். நாம் இருப்பது தருமபுரி. 2012 நவம்பர் 7 அன்று, இந்த மலைக்குக் கீழே இருக்கிற இதே மாவட்டத்தில், நத்தம் காலனியையும் பக்கத்துக் காலனிகளையும் ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்துக் கொளுத்தினார்கள். 2013 ஜூலை 4இல் இளவரசன் தண்டவாளத்தின் ஓரத்தில் பிணமாகக் கிடந்தார். உங்களில் சிலர் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். இந்த ஊரில் மணிக்கட்டில் குத்திய ஒரு பெயர் வீட்டுக்குச் சாட்சியமாகிவிடும். போனைப் பூட்டி வைக்கலாம், குறுஞ்செய்தியை அழிக்கலாம். மணிக்கட்டை எத்தனை நாள் துப்பட்டாவால் மூடுவாய் தங்கச்சி? சாதி மாறிக் காதலிக்கிறவர்கள் இருவரும் சேர்ந்து பாதுகாப்பான இடத்துக்குப் போய், பதிவுத் திருமணம் முடித்து, காலூன்றிய பிறகு குத்திக்கொள்ளுங்கள். நானே இலவசமாகப் போட்டுத் தருகிறேன். அதுவரை பெயர் நெஞ்சுக்குள் இருக்கட்டும்.

பெண்களுக்கு இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, கையில் குத்திக்கொள்ளலாம் என்று நம் ஆயாக்களுக்கு விதி. எந்த ஆயா கையிலாவது அவருடைய சொந்தப் பெயர் இருந்து பார்த்திருக்கிறீர்களா? போன மாதம் ஒரு அம்மா, 60 வயதிருக்கும், மகளோடு கடைக்கு வந்தார். கையில் மங்கிப்போன கணவர் பெயருக்குக் கீழே தன் பெயரைக் குத்தச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அம்பேத்கர் படம். நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஏப்ரல் 14 வந்தால் என் கடையில் இடம் இருக்காது. கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். முன்னங்கையில் அந்த முகத்தைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டு நடக்கும்போது வருகிற நிமிர்வை நான் மதிக்கிறேன். எனக்கும் இருக்கிறது, இதோ பாருங்கள். ஆனால் 2015இல் ஷீரடியில் போனில் அம்பேத்கர் பாட்டு ரிங்டோன் வைத்திருந்ததற்காக ஒரு தலித் இளைஞரை அடித்தே கொன்றார்கள். ரிங்டோனை அணைக்க முடியும். ஆகவே குத்துவதற்கு முன் யோசியுங்கள்: நீ வேலை செய்யும் இடம் எது, தங்கும் அறை யாருடையது, தினமும் ஏறும் பேருந்தில் யார் வருகிறார்கள். பயந்து விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. தோள்பட்டையிலா முன்னங்கையிலா என்று தீர்மானிக்கும்போது இதையும் கணக்கில் வை என்கிறேன். காட்ட வேண்டிய இடத்தில் காட்டும் உரிமை உன்னிடம் இருக்க வேண்டும். இதுவும் சொல்ல வேண்டும்: முகத்தைக் குத்திக்கொண்டு 'சாதியை அழித்தொழித்தல்' புத்தகத்தைத் திறக்காதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். இரண்டாவது சிட்டிங்குக்கு வருவதற்குள் அதைப் படித்துவிட்டு வரச் சொல்லி அனுப்புவேன். பாதிப் பேர் படிக்கிறார்கள், பாதிப் பேர் கடையை மாற்றிக்கொள்கிறார்கள்.

ராணுவத்துக்கும் போலீசுக்கும் தயார் செய்கிறவர்கள் கை தூக்குங்கள். இத்தனை பேரா! அப்படியானால் கவனமாகக் கேளுங்கள். ராணுவத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கமும், புறங்கையும் மட்டும்தான் அனுமதி. பழங்குடி மரபில் குத்திக்கொண்டவர்களுக்கு விலக்கு உண்டு. அது அறிவிக்கப்பட்ட பகுதிகளின் பழங்குடியினருக்கு, வழக்கத்தை நிரூபித்தால். 'நான் மலையாளி, அதனால் கழுத்தில் தேள் போட்டுக்கொண்டேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மத்திய ஆயுதப் படைகளில் இடது முன்னங்கையின் உள்பக்கமோ புறங்கையோதான், அந்தப் பகுதியில் கால்வாசிக்குள் அடங்க வேண்டும். வலது கை சல்யூட் அடிக்கிற கை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் ஊசிக்குக் கை நீட்ட வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம்.

படத்தை முடிவு செய்ததும் குத்தாதீர்கள். பேனாவால் அதே இடத்தில் வரைந்து, அழிய அழியத் திரும்ப வரைந்து ஒரு மாதம் சுமந்து பாருங்கள். பத்தாம் நாளே சலித்துவிட்டால் நல்லது, காசு மிச்சம். எழுத்து என்றால் எழுத்துப் பிழையைக் குறைந்தது மூன்று பேரிடம் காட்டிச் சரிபாருங்கள். தமிழில் ஒற்று விட்டுப்போன டாட்டூக்களை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தலாம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். இல்லையென்றால் மூன்று தவணை, முடிக்க ஆறு மாதம் ஆகும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. இரண்டும், எச்ஐவியும், ஒருவருக்குக் குத்திய ஊசியால் அடுத்தவருக்கு வரக்கூடியவை. திருவிழாக் கடையில் ஒரே ஊசி, ஒரே மைக் கிண்ணம், வரிசையில் 20 பேர். அங்கே கையை நீட்டாதீர்கள். ஆயா காலத்தில் இது யாருக்கும் தெரியாது; நமக்குத் தெரியும். மலிவாகச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எதில் மிச்சம் பிடிக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஊசியில். நல்ல கடையில் உங்கள் கண்முன் புது ஊசி உறையைப் பிரிப்பார்கள். மையைச் சின்ன மூடியில் உங்களுக்கு மட்டும் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையோடு திரும்பிவந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் வந்துவிடுங்கள்.

சர்க்கரை இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பமாக இருக்கும் பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் வர வேண்டாம். உடம்பில் பழைய காயமோ அம்மைத் தழும்போ மேடாகத் தடித்துப்போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கீலாய்டு என்பார்கள். கறுத்த தோலுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல், நம்மில் பலருக்கு உண்டு. டாட்டூவும் அப்படியே தடிக்கும். 'கறுப்புத் தோலில் டாட்டூ எடுக்காது' என்று ஒரு கடையில் சொன்னால் அது அவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். கோடு தடிமனாக, இடைவெளி விட்டு, கறுப்பு மையில் போட்டால் நம் தோலில் பளிச்சென்று நிற்கும். நம் ஆயாக்கள் எல்லோரும் கறுப்புத்தானே.

குத்தும் நாளில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முதல் நாள் ராத்திரி தூங்கியிருக்க வேண்டும், குடிக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்தால் மரத்துப்போகும் என்று நினைக்கிறார்கள். ரத்தம்தான் அதிகம் வரும். வலி? முன்னங்கையின் வெளிப்பக்கம் தாங்கலாம், உள்மணிக்கட்டிலும் விலா எலும்பிலும் சுள்ளென்று இருக்கும். காபிப் பழம் பறிக்கும்போது முசுறு கடிக்குமே, அது விடாமல் கடித்தால் எப்படி இருக்கும், அப்படி. விலை கடைக்குக் கடை மாறும், அங்குலக் கணக்கு.

முடிந்ததும் அது ஒரு காயம். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். வாசனையில்லாத சோப்பால் மெல்லக் கழுவி, ஒற்றித் துடைத்து, மருந்தைப் பட்டும் படாமல் தடவினால் போதும். மஞ்சள் பூசாதீர்கள், பக்கு உரியும்போது சொறியாதீர்கள். ஓடையிலும் கிணற்றிலும் குளிக்கக் கூடாது. இங்கே காபித் தோட்டத்திலும் மிளகுக் கொடியிலும் வேலை செய்கிறவர்கள் அறுவடை முடிந்த பிறகு குத்திக்கொள்ளுங்கள். மண்ணும் வியர்வையும் வெயிலும் பச்சைப் புண்ணுக்கு ஆகாது. சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் கடைக்குப் போன் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 12 மாதத்துக்கு ரத்ததானம் செய்ய முடியாது. ஏப்ரல் 14 முகாமில் ரத்தம் கொடுக்கிற பழக்கம் உள்ளவர்கள், கொடுத்துவிட்டு அதன் பிறகு குத்திக்கொள்ளுங்கள்.

நிறையப் பேசிவிட்டேன். ஒரு வேலை மட்டும் கொடுத்துவிட்டு உட்காருகிறேன். உங்கள் ஊரில் கையில் பச்சையுள்ள ஆயாக்கள் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், அந்தக் கோலத்தை நோட்டில் வரைந்து கொடுங்கள். அதோடு, குத்தியவர் யார், எந்த ஊர்க்காரி, என்ன பாட்டுப் பாடினார், கூலியாக என்ன கொடுத்தீர்கள், வாசலில் உட்கார வைத்தீர்களா, உள்ளே கூப்பிட்டீர்களா என்று கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குச் சில ஆயாக்கள் பேச்சை மாற்றுவார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு, பேனா என் பையில் இருக்கிறது, போகும்போது வாங்கிக்கொண்டு போங்கள்.